பிரபுவின் வலது கால்

ராஜராஜனின் லாரிக்கு ஊரில் ‘தேர்’ என்று பெயர். ஊரே கூடித் தள்ளினால்தான் நகரும் என்பதால் யாரோ டீக்கடையில் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. அவன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், “என்ன சார், தேரு எப்ப கெளம்புது?” என்று ஒரு குரல் வரும். அவனும் சிரித்துக்கொண்டே, “இன்னும் முடியலைங்க” என்பான். வருஷக் கணக்காக இந்த ஒரே பதில்தான். போகப்போக அந்த வார்த்தை வாயில் வரும்போதே அவனுக்குக் கசந்தது.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவன் மருந்தாளுநர். காலையில் கம்பிச் சன்னலுக்குப் பின்னால் போய் நின்றால் மத்தியானம் தாண்டும்வரை சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, இருமல் மருந்து. “இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி” என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வானோ கணக்கில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டால் அவன் வேறு ஆள். கை முழுக்க கிரீஸ், காதுக்குப் பின்னால் பென்சில், தரையில் விரித்த சாக்கில் அடுக்கிய ஸ்பேனர்கள். கூப்பிட்டால் காது கேட்காது.

சீர்காழியில் மூடிக் கிடந்த ஒரு ரைஸ்மில்லின் பின்பக்கத்தில் அந்த லாரியை அவன் பார்த்தான். முன்பக்கம் மூக்குப்போல நீண்டிருக்கும் பழைய காலத்துப் பெட்ரோல் லாரி. பின்தட்டின் பலகை உளுத்து, அதன் இடுக்கில் வேப்பங்கன்று ஒன்று ஆளுயரம் வளர்ந்திருந்தது. பழைய இரும்புக்கு எடை போடவிருந்ததைப் பேசி வாங்கி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் மனைவி பிரகதீஸ்வரி வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இதுக்கு ஒரு மாடு வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவனுக்குத் துணை ஹாஜா மைதீன். சவூதியில் பல வருஷம் கனரக லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். வீட்டில் சும்மா உட்கார முடியாதவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் டிவிஎஸ் வண்டியில் வந்துவிடுவார். இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைவு. ஒருவர் விளக்கைப் பிடிக்க, மற்றவர் அடியில் படுத்துத் துரு சுரண்ட, பொழுது போய்விடும்.

பழைய இன்ஜினைப் பிரித்துப் பார்த்தபோது பிளாக்கிலேயே விரிசல் விட்டிருந்தது. ஒட்டவைத்தாலும் தாங்காது. இரண்டு பேருமாகத் திருச்சிக்குப் போய், விபத்தில் நொறுங்கிய ஒரு புது மாதிரி லாரியிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தார்கள். அது எளிதில் உள்ளே உட்காரவில்லை. தாங்கிகளை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தார்கள். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்து நீளம் குறைத்தார்கள். கடைசியில் செயின் பிளாக்கில் தொங்கிய இன்ஜின் அங்குலம் அங்குலமாக இறங்கி அதன் இடத்தில் உட்கார்ந்தபோது, ஹாஜா பாய் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

முதல் தடவை ஸ்டார்ட் ஆன அன்று கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பிரகதீஸ்வரி இட்லி மாவுக் கையோடு ஓடிவந்து நின்றாள். “நெசமாவே ஓடுதா?” என்றாள். அந்த ஒரு கேள்விக்காகவே இத்தனை வருஷமும் உழைத்தது போலிருந்தது ராஜராஜனுக்கு.

ஒரு வேலைதான் பாக்கி. அந்தக் காலத்துப் பெட்ரோல் இன்ஜின் ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கும். அந்த இழுப்பே பிரேக்குக்கும் ஒத்தாசையாக இருக்கும். டிரைவர் லேசாக மிதித்தால் போதும். டீசல் இன்ஜினில் அந்த இழுப்பு கிடையாது. அதற்கென்று தனியாக ஒரு பம்ப் வைக்க வேண்டும். ராஜராஜன் தற்காலிகமாக ஒரு காரின் சின்னப் பம்பைப் பொருத்தியிருந்தான். ஆளில்லாத வயல் ரோட்டில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தான். முதல் பிரேக் சுத்தமாகப் பிடித்தது. இரண்டாவதும் பரவாயில்லை. அடுத்தடுத்து மிதித்தபோது பெடல் கருங்கல்லாக நின்றுவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்து எம்பி, இரண்டு காலையும் ஊன்றி, ஒரு மதகுச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

“சின்னப் பம்பு பத்தல பாய். பெருசுக்குச் சொல்லியிருக்கேன், கோயமுத்தூர்லேர்ந்து வரணும்” என்று போனில் சொன்னான்.

“வரட்டும். அதுவரைக்கும் நிக்கட்டும், நம்ம புள்ள எங்க ஓடிறப்போறான்” என்றார் ஹாஜா பாய்.

இந்த விஷயம் அவர்கள் இருவருக்கும்தான் தெரியும்.

அந்த வருஷம் தை கடைசியில், சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, வங்கக் கடலில் காற்றழுத்தம் என்றார்கள். அடுத்த நாள் வானம் கருத்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் மிஷின் விட்டு அறுத்திருந்தார்கள். களத்திலும் ரோட்டோரத்திலும் நெல் குவிந்து கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் டிராக்டரும் இல்லை, லாரியும் இல்லை, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

ராஜராஜன் மருந்துச் சன்னலில் நின்றபோது போன் வந்தது. பிரபு, பிரகதீஸ்வரியின் தம்பி. அதே ஊரில் இருந்தான். லாரி ஓட்டுவதில் கைதேர்ந்தவன். குவைத்தில் ஹெவி டிரைவர் வேலை சொல்லியாகி விசாவும் வந்திருந்தது. பங்குனியில் கிளம்புவதாக இருந்தான்.

“அத்தான், நெல்லு பூரா நனையப் போவுது. ஆத்துக்கு அந்தாண்ட பழைய மில்லு குடோனத் தெறந்து விட்டிருக்காங்க. வண்டி ஒன்னும் கெடைக்கல. நம்ம லாரிய எடுத்துக்கவா? எல்லாரும் ஒங்களதான் கேக்க சொல்றாங்க.”

பின்னால் பல குரல்கள் கேட்டன. “தேரக் கேளுடா, தேரக் கேளு!” என்று யாரோ கத்தினார்கள். அதில் கேலி இல்லை.

ராஜராஜனுக்கு பம்ப் ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. ‘இன்னும் முடியலை’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். வெளியே வேப்பமரத்துக்கு மேல் வானம் மை பூசியது போல் இருந்தது. ஒரே ஒரு நடை, ஆற்றுக்கு அந்தப் பக்கம்தானே என்று நினைத்தான். ஊரே தன் லாரிக்காகக் காத்து நிற்கிறது என்றும் நினைத்தான்.

“எடுத்துக்க. சாவி கொட்டகையிலேயே தொங்குது. வேகம் வேணாம், மெதுவாப் போ” என்றான்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூட்டைகளை ஏற்றி முடித்ததும் தெற்குத் தெரு ரெத்தினம் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். அவருடைய நெல்லும் அதில் இருந்தது. ராஜராஜனின் அப்பா காலத்தில் ரெத்தினத்தின் வீட்டார் இவர்கள் வயலுக்குக் கூலிக்கு வந்தவர்கள். இப்போது அவர் சொந்தமாகக் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமுமாகப் பயிர் செய்தார். மகள் தமிழ்நிலா, ராஜராஜன் வேலை பார்க்கும் அதே சுகாதார நிலையத்தில் நர்ஸ்.

வண்டி ஊர் எல்லையில் வேகத்தடைக்கு ஒரு தடவை நின்றது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒரு தடவை. பாலத்து ஏற்றத்தில் ஆடுகள் குறுக்கே போக இன்னொரு தடவை. பாலத்தின் மறுபக்கம் சரிவு; சரிவு முடியும் இடத்தில் திருப்பம். திருப்பத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் நின்று பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. பிரபு மிதித்தான். பெடல் இறங்கவில்லை. ஹாரனில் கையை வைத்துக்கொண்டே ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். லாரி வாய்க்காலுக்குள் பாய்ந்து கவிழ்ந்தது. பிள்ளைகளில் ஒருவர் மேலும் துரும்பு படவில்லை. ரெத்தினத்தின் இடது கால் லாரியின் பக்கப் பலகைக்கும் மதகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

அப்புறம்தான் மழை வந்தது.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ராஜராஜன் லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடந்தான். ரத்தத்துக்கு ஆள் சேர்த்தான், வார்டுக்கும் மருந்துக் கடைக்கும் ஓடினான். ரெத்தினத்தின் மனைவி அம்சம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நல்லாருக்கணும் தம்பி” என்று அழுதாள். “அந்தப் பாவிப் பய தறிகெட்டு ஓட்டி எங்க குடியக் கெடுத்துட்டான். நீங்க நல்ல மனசோட வண்டியக் குடுத்தீங்க.”

ராஜராஜன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

பிரபுவுக்கு நெற்றியில் தையல், விலாவில் அடி, அவ்வளவுதான். வேகமாகவும் கவனமில்லாமலும் ஓட்டியதாக அவன் மேல் வழக்குப் போட்டார்கள். ஸ்டேஷனில் அவன் ஒன்றும் மறுக்கவில்லை. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். குவைத் ஏஜென்ட் ஒரு வாரம் பார்த்துவிட்டு அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

லாரியை ஸ்டேஷன் வளாகத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஹாஜா பாயும் ராஜராஜனும் போய்ப் பார்த்தார்கள். மூக்கு நசுங்கி, ஒரு பக்கம் சேறு காய்ந்து கிடந்தது. ஹாஜா பாய் குனிந்து அடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இருவரும் டீக்கடைக்கு நடந்தார்கள்.

“சின்னப் பம்பும் போச்சு, பைப்பும் அறுந்து கெடக்கு” என்றார் பிறகு, தணிந்த குரலில். “முன்னாடியே வேலை செய்யலியா, விழுந்த அடியில போச்சான்னு எந்த இன்ஸ்பெக்டரும் கண்டுபிடிக்க முடியாது. நீங்க கவர்மென்ட் உத்தியோகம் ராஜன். வாயத் தெறந்தீங்கன்னா வேலைக்கே ஆபத்து. போன காலு வரப்போவுதா?”

“பிரபு?”

“சின்ன வயசு. கேஸ் இழுத்துக்கிட்டுப் போவும், தள்ளுபடியாயிரும். அடுத்த வருஷம் வேற விசா.”

அவர் ராஜராஜன் மேல் உள்ள பிரியத்தில்தான் அப்படிச் சொன்னார். ராஜராஜனுக்கும் அந்தப் பேச்சு அப்போது இதமாக இருந்தது. வெயிலில் நடந்தவனுக்கு நிழல் கிடைத்தது போல அதில் போய் ஒதுங்கிக்கொண்டான்.

ரெத்தினம் வீட்டுக்கு வந்தபின் தமிழ்நிலா தினமும் டூட்டி முடிந்ததும் அப்பாவுக்குக் கட்டு மாற்றுவாள். அதற்கான பஞ்சையும் களிம்பையும் ராஜராஜன் தனியாக எடுத்து வைத்திருப்பான். “ஒங்களாலதான் சார் அப்பா இவ்வளவு சீக்கிரம் தேறுனாரு” என்று ஒரு நாள் சொன்னாள். அன்று அவன் ஒரு அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரைக்குப் பதில் வேறு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாசல்வரை ஓடிப்போய்த் திருப்பி வாங்கினான். அந்த அம்மா பயந்துபோய் அவனையே பார்த்தாள்.

வீட்டில் பிரகதீஸ்வரி முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துவிட்டாள். அவளுக்குத் தம்பி மேல்தான் கோபம் என்று அவன் நினைத்துக்கொண்டான். சாப்பாடு போடும்போது அவளாகவே ஒரு நாள் சொன்னாள்: “அவன் ஸ்டியரிங்கத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஓட்டுறவன். எப்படிங்க இப்படி ஆச்சு?”

“வண்டின்னா அப்படித்தான்” என்றான் ராஜராஜன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரபு வந்தான். ஆள் இளைத்திருந்தான். கொட்டகையில், காலியாகக் கிடந்த தரையைப் பார்த்தபடி ஒரு டயர் மேல் உட்கார்ந்தான்.

“அத்தான், நரம்புக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்கா?”

“எதுக்கு?”

“வலது கால்ல தெம்பே இல்ல.” பாதத்தை நீட்டி மடக்கிக் காட்டினான். “அன்னைக்கு பிரேக்க மிதிச்சேன் அத்தான். சத்தியமா மிதிச்சேன். பெடல் கல்லு மாதிரி நின்னுது. அது எப்படி அப்படி நிக்கும்? எங் காலுதான் பயத்துல வெறைச்சுப் போயிருக்கணும். மிதிச்ச மாதிரி எனக்குத் தோணுது, ஆனா கால் வேலை செய்யல. இப்பகூட மாடிப்படி ஏறுறப்ப திடீர்னு தொவளுது. பைக்குல பின்பிரேக் போட பயமா இருக்கு. நான் இனிமே வண்டி ஓட்ட லாயக்கில்லாதவனோன்னு இருக்கு.”

ராஜராஜன் அவன் காலைப் பார்த்தான். வயலிலும் பிரேக்கிலும் உரமேறிய, இளவயதுக்காரனின் நல்ல கால். அதற்கு ஒன்றுமே இல்லை என்பது உலகத்திலேயே ராஜராஜனுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் அன்றும் அவன் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சத்து மாத்திரை ஓர் அட்டையை எடுத்துவந்து கொடுத்தான். “ராத்திரி ஒன்னு போடு” என்றான். சன்னலில் நின்று சொல்லும் அதே குரலில் சொன்னான்.

பிரபு அதை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

அடுத்து வந்த நாட்களில் ராஜராஜனுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ரெத்தினத்தின் கால் போனது நினைத்துப் பார்க்க முடியாத துயரம். அது ஒரு நொடியில் நடந்தது, தடுத்திருக்கலாம், இனி முடியாது. பிரபுவின் காலோ தினமும் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்க இப்போதும் முடியும். ராஜராஜனோ அதற்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தான்.

அட்டை தீர்ந்ததும் பிரபு மறுபடி வந்தான். “கொஞ்சம் தேவல அத்தான். இன்னும் ஒரு அட்டை போட்டா சரியாயிரும்னு நெனைக்கிறேன்” என்றான். முகத்தில் லேசாக ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையைத்தான் ராஜராஜனால் தாங்க முடியவில்லை.

“பிரபு, அது சும்மா சத்து மாத்திரை. ஒங் காலுக்கு ஒன்னும் இல்ல.”

“இல்லத்தான், ஒங்களுக்குத் தெரியாது…”

“எனக்குத் தெரியும்டா. பெடல் கல்லாத்தான் நின்னுச்சு. அடுத்தடுத்து மிதிச்சா அந்த வண்டியில அப்படித்தான் நிக்கும். எனக்கு முன்னாடியே தெரியும். நானே ஓட்டிப் பாத்தப்ப நின்னுச்சு. பெரிய பம்பு வந்தப்புறம்தான் லோடு ஏத்தணும்னு வச்சிருந்தேன். நீ போன்ல கேட்டப்ப நான் சொல்லல.”

பிரபு குனிந்து தன் வலது காலைப் பார்த்தான்.

“அப்ப, எங் காலு நல்லாத்தான் இருக்கா?” என்றான் மெல்ல.

“நல்லாத்தான் இருக்கு.”

பிரபு எழுந்து நின்றான். வலது காலைத் தரையில் ஊன்றி, ஒரு தடவை அழுத்தினான். பிறகு இன்னொரு தடவை, பலமாக. அவன் கண்ணில் நீர் வந்தது. அது எதற்கான நீர் என்று ராஜராஜன் யோசிப்பதற்குள் பிரபு அவன் சட்டையைப் பிடித்துத் தகரச் சுவரோடு சேர்த்துத் தள்ளினான். தகரம் பேரோசையோடு அதிர்ந்தது.

“மாத்திரை குடுத்தியே! மாத்திரை குடுத்தியேடா எனக்கு!”

அதுவரை ஒருமையில் பேசியறியாதவன். அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. விட்டுவிட்டு வெளியே போனான்.

பிரகதீஸ்வரி எல்லாவற்றையும் கொட்டகை வாசலிலேயே நின்று கேட்டிருந்தாள். அவள் கத்தவில்லை. “போன்ல ஒரு வார்த்தைங்க. ஒரே ஒரு வார்த்தை” என்றாள். பிறகு, “மொதல்ல தெற்குத் தெருவுக்குப் போயிட்டு வாங்க. அவங்ககிட்ட சொல்லாம வீட்டுக்குள்ள வராதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரெத்தினம் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ராஜராஜனைக் கண்டதும் அம்சம் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான், எதையும் மறைக்காமல், பம்பிலிருந்து போன் வரை. தமிழ்நிலா உள்ளேயிருந்து வந்து அப்பாவுக்குப் பின்னால் நின்றாள்.

அம்சம் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, அந்தப் புள்ளைய நான் என்னென்ன சாபம் உட்டேன்” என்றாள்.

ரெத்தினம் தன் கால் இல்லாத இடத்தைத் தடவினார்.

“தம்பி, ஒன்னு கேக்குறேன். அன்னைக்கு அந்த மூட்டைக்கு மேல உக்காந்து வரப்போறது ஒங்க பொண்டாட்டி, இல்ல ஒங்க ஊட்டு ஆளுன்னு தெரிஞ்சிருந்தா, வண்டியக் குடுத்திருப்பீங்களா?”

ஓட்டியவனே என் மச்சான்தானே என்று ஒரு பதில் ராஜராஜனுக்குள் எழுந்தது. அது சரியான பதில் மாதிரியே இருந்தது. ஆனால் அவர் கேட்டது அதை அல்ல என்பதும் அவனுக்குப் புரிந்தது. மேலே யார் ஏறுவார்கள் என்று அவன் அன்று நினைத்தே பார்க்கவில்லை. மூட்டை என்றால் மேலே ஒரு ஆள் இருப்பார், அவ்வளவுதான்.

“தெரியலைண்ணே” என்றான்.

“ம்” என்றார் ரெத்தினம். “இதாவது உண்மையாச் சொன்னீங்க.”

தமிழ்நிலா குரலை உயர்த்தாமல் பேசினாள். “தெனமும் பஞ்சு எடுத்துக் குடுத்தீங்களே சார். அப்பல்லாம் என்ன நெனச்சுக்கிட்டுக் குடுத்தீங்க?”



“நாளைக்கு ஸ்டேஷன்ல போயி இதே மாதிரி சொல்லுங்க” என்றார் ரெத்தினம். “அந்தப் பையன் மேல எழுதுனத மாத்தச் சொல்லுங்க. அப்புறம் அந்த வண்டிய என்ன செய்யப் போறீங்க?”

“வித்துடலாம்னு…”

“விக்காதீங்க. வாங்குறவன் இன்ஜின் சத்தத்தக் கேட்டு மயங்கித்தான் வாங்குவான். நீங்களும் அப்படித்தான மயங்குனீங்க. பிரிச்சுப் போட்டுருங்க.”

மறுநாள் அவன் ஸ்டேஷனுக்குப் போனான். “யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?” என்று சப்-இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஹாஜா பாய் பெயரை அவன் எங்கேயும் சொல்லவில்லை. பிரபு மேலிருந்த வழக்கு ராஜராஜன் மேல் திரும்பியது. துறையில் விசாரணை என்று கொஞ்ச காலம் வேலையில்லாமல் இருந்தான். பிறகு வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு நிலையத்துக்கு மாற்றினார்கள். விடியற்காலையில் பஸ் ஏறினால் இருட்டித்தான் வீடு திரும்ப முடியும். கேஸ் இன்னும் நடக்கிறது. இன்சூரன்ஸும் இல்லாத வண்டி அது. ராஜராஜன் தன் பங்குக்கு வந்த ஆற்றங்கரை நிலத்தை ரெத்தினம் பேரில் மாற்றிக் கொடுக்கப் போனபோது, “கோர்ட்டு சொல்றத வாங்கிக்கிறேன். ஒங்க கையால எதுவும் வேணாம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

டீக்கடையில் அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. அவன் போனால் பேச்சு நின்றுவிடும்.

லாரியை ஸ்டேஷனிலிருந்து விட்டபோது குறுவை நடவு முடிந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அழைக்காமலே, ஹாஜா பாய் வந்தார். “நான் சொன்னதக் கேக்கல நீங்க” என்றார். இரண்டு பேருமாகப் பிரித்தார்கள். பொருத்த வருஷக் கணக்கானது; பிரிக்கக் கொஞ்ச நாள் கூட ஆகவில்லை. இன்ஜினை வெளியே எடுத்ததும் ராஜராஜன் சம்மட்டியை எடுத்துக்கொண்டான். ஹாஜா பாய் அவன் கையைப் பிடித்தார். “தண்ணி எறைக்க ஆகும். ரெத்தினம் ஓடுற வண்டியிலதான வேணாம்னாரு” என்றார். ராஜராஜன் தலையை ஆட்டி மறுத்தான். முதல் அடியில் வார்ப்பிரும்பு தெறித்தது. ஹாஜா பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிவிஎஸ் வண்டி நின்ற இடத்துக்குப் போனார். அப்புறம் அவர் வருவது குறைந்து, நின்றுபோனது.

பிரபுவுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. கொஞ்ச நாள் செங்கல் லாரி ஓட்டினான். பிறகு ஐப்பசியில் குவைத்துக்கே வேறு விசா வந்தது. கிளம்புகிற அன்று ரெத்தினம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுப் போனான். அம்சம் அவன் தலையில் கை வைத்து அழுததாகப் பிரகதீஸ்வரி சொன்னாள். அக்காவின் வீட்டு வாசல்வரை வந்தவன் உள்ளே வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு படி இறங்கி, நேராக நடந்து போனான். நடையில் தடுமாற்றம் ஏதுமில்லை. ராஜராஜன் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமைகளில் குவைத்தில் விடுமுறை. அன்றைக்கு ராத்திரி பிரபு அக்காவைக் கூப்பிடுவான். பிரகதீஸ்வரி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள். அங்கே ஓட்டும் வண்டியின் நீளம், வெயில், சேர்ந்து சமைக்கும் மலையாளிப் பையன் என்று பிரபு அடுக்கிக்கொண்டே போவான். ராஜராஜன் பக்கத்து அறையில் வாரப் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்பான்.

“வீட்டுல யாரு இருக்கா?” என்றான் பிரபு ஒரு தடவை.

“அவர் இருக்கார்” என்றாள் பிரகதீஸ்வரி. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ராஜராஜன் எழுந்து நின்றான்.

“சரிக்கா” என்றது பிரபுவின் குரல். “அடுத்த வாரம் பேசுறேன்.”

அவள் மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டாள். ராஜராஜன் அடுப்படி நிலையில் வந்து நின்றான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் காய்த்தட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்த முருங்கைக்கீரைக் கட்டை அவன் பக்கம் தள்ளினாள். அவன் தரையில் உட்கார்ந்து ஆய ஆரம்பித்தான்.